மனு கொடுத்து நட்ட கோஸ்

ஒரு மனு வந்தால், வந்த மூன்று நாளைக்குள் பெற்றுக்கொண்டதாக ஒரு துண்டுச் சீட்டாவது கொடுக்க வேண்டும். முப்பது நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று இடைக்காலப் பதில் ஒன்று அனுப்ப வேண்டும். முடிவு மனுதாரருக்கு எதிராக இருந்தால் காரணத்தை எழுத வேண்டும். நான் வேலை பார்த்த எல்லா அலுவலகங்களிலும் இது சுவரில் ஒட்டியிருந்தது. ஒட்டிய பசையைத் தின்னக் கரப்பான்கள் வந்தன. மற்றபடி அதை யாரும் நெருங்கியதில்லை.

ஓய்வு பெற்றவர்களின் மாதக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் தவறாமல் எழுந்து, "நம் காலத்தில் எல்லாம் முறைப்படி நடந்தது" என்கிறீர்கள். மற்றவர்கள் கைதட்டுகிறீர்கள். பிறகு வடை வருகிறது. நான் இதுவரை மறுத்துப் பேசியதில்லை. பேசினால் வடை ஆறிவிடும். ஆகவே எழுதுகிறேன். நம் காலத்தில் முற்றிலும் முறைப்படி நடந்த ஒன்றைத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் சிலோனில் இருந்து வந்து, கொஞ்ச காலம் கேம்ப்பில் கிடந்தவர்கள். தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்களில், ஜெகதளா பக்கத்து எஸ்டேட் ஒன்றில் எங்களுக்கு வேலையும், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு காம்பராவும் கிடைத்தன. காம்பரா என்றால் ஓர் அறை. அதை வீடு என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு உரிமை இருந்தது. அப்பா, அம்மா, அக்கா, நான். நான் நான்காம் வகுப்பு. அக்கா பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. எஸ்டேட்டில் பேர் பதிய அவளுக்கு வயது போதவில்லை.

குன்னூரில் யாரோ சிலர் ஓர் ஏலக் கூடத்தில் வரிசையாக நின்று, தேயிலைக்கு விலை வைக்கத் தேநீரை உறிஞ்சித் துப்பினார்கள். அவர்கள் முகம் சுளித்தால் எங்கள் காம்பராவில் அடுப்பு அணைந்தது. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று அறிவித்தார்கள். ஃபேக்டரி பாதி நாள் ஓடவில்லை. கொழுந்து வாடும் வாசனையைப் பற்றி உங்களில் சிலர் கண்ணை மூடிக்கொண்டு பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது கூலி வரும் வாசனை. வராத நாளில் மலைக்காற்றில் வெறும் குளிர்தான் இருந்தது.

பெரிய கிளார்க்கின் சம்சாரம் ஒருநாள் லயத்துக்கே வந்து அக்காவை மேலும் கீழும் பார்த்தார். பெரிய கிளார்க் என்பவர் எஸ்டேட் ஆபீஸில் துரைக்கு, அதாவது மேனேஜருக்கு, அடுத்தவர். துரை கையெழுத்துப் போடுவார். எதில் போட வேண்டும் என்பதை இவர் முடிவு செய்வார்.

"எங்க அக்கா ஊடு கோயமுத்தூர்ல இருக்குதுங்க. கைக்கொழந்தையப் பாத்துக்கறதுக்கு ஒரு புள்ள வேணும். மூணு நேரமும் சோறு. தீவாளிக்குத் துணி. உங்களுக்கும் ஒரு வயிறு கொறையுமல்ல?"

அம்மா அந்த அம்மாளின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பொங்கல் கழியட்டும்மா. அதுக்குள்ள ஒரு வழி பாக்குறேன்."

அந்த வழிதான் கோஸ்.

லயத்துக்குக் கீழே ஒரு பள்ளம் இருந்தது. கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக எதுவும் வைக்காமல் விட்ட இடம். எஸ்டேட் நிலத்தில் தொழிலாளர்கள் துரையின் அனுமதி இல்லாமல் எதுவும் பயிரிடக் கூடாது. இது விதி. ஆனால் நடப்பு வேறு. எங்களுக்கு முன்பே அங்கே குடியேறியிருந்த மேல் லயத்துக்காரர்கள் புரட்டாசிக் கடைசியில், ஐப்பசி மழை இறங்குவதற்கு முன்னால், ராத்திரியோடு ராத்திரியாகப் போய்க் கோஸ் நாற்று நடுவார்கள். விடிந்தால் அது நிற்கிற பயிர். நிற்கிற பயிரை அந்த எஸ்டேட்டில் யாரும் பிடுங்கியதில்லை. பிடுங்கினால் கொழுந்து விளையாது என்று பழைய துரை ஒருவர் காலத்தில் இருந்தே நம்பிக்கை. காலையில் பெரிய கிளார்க் வந்து நின்று, "ஆரு வெச்சது?" என்று கேட்பார். "தெரியலீங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அறுவடையில் பாத்திக்குச் சில தலை அவர் வீட்டுக்குப் போகும். யாரும் அனுமதி கேட்கவில்லை, யாரும் கொடுக்கவில்லை, ஆகவே யாரும் தவறு செய்யவில்லை. அரசாங்கத்தில் இத்தனை வருடம் இருந்தும் இதைவிடச் சுத்தமான ஒரு நடைமுறையை நான் கண்டதில்லை.

மழைக்கு முன்னால் நட்டே ஆக வேண்டும். முதல் மழையில் பள்ளம் சேறாகிவிடும். இரண்டு மூன்று நாள் வேர் பிடிக்காத நாற்று மிதந்து போகும். அதோடு, காலியாகக் கிடக்கும் பாத்தியில் பெரிய கிளார்க் முதல் மழைக்குத் தன் மாடுகளுக்காகப் புல் ஊன்றிவிடுவார். அவர் புல்லும் நிற்கிற பயிர்தான்.

அம்மா வேலையில்லாத நாட்களில் ஒரு படகர் தோட்டத்தில் களை எடுத்து, கூலிக்குப் பதில் நாற்றுக் கேட்டு வைத்திருந்தாள். பள்ளத்தில் ஓரமாக ஒரு பாத்தி சும்மா கிடந்தது. மேல் லயத்து அக்கா ஒருத்தி, வாய் நீளம், மனசு மோசமில்லை, அதைக் காட்டிவிட்டாள்.

"ஏனுங்க சிலோன்காரம்மா, வேணும்னா அதுல வெச்சுக்கங்க. ராத்திரில வெச்சுப்போடுங்க. பகல்ல மட்டும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காதீங்க."

அம்மா இதை வந்து அப்பாவிடம் சொன்னாள். அங்கேதான் எல்லாம் கெட்டது.

அப்பா சிலோனில் எஸ்டேட் தப்பால்காரர். தோலில் செய்த தபால் பையை மாட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கியவர். கடிதம் என்றால் அது வந்து சேரும் என்று நம்பிய கடைசி மனிதர் என்று நினைக்கிறேன். நாங்கள் இந்தியா வந்ததே ஒரு மனுவால். அக்கா பிறப்பதற்கு முன்னால் இந்தியக் குடியுரிமை கேட்டுப் போட்ட மனு, நான் நடக்கத் தொடங்கிய பிறகு பலித்தது. நீங்களோ நானோ என்றால் இதில் இருந்து மனுக்களின் மேல் வெறுப்பைக் கற்றிருப்போம். அப்பா நம்பிக்கையைக் கற்றார்.

கப்பலில் வரும்போது போட்டிருந்த பழுப்புக் கோட்டின் பையில் இருந்து பேனாவை எடுத்து, டிரங்குப் பெட்டியின் மேல் காகிதத்தை வைத்தார்.

"இப்ப எதுக்குங்க எழுதுறீங்க?" என்றாள் அம்மா. "யாரும் கேக்குறதில்லன்னுதானே சொல்றாக."

"அவங்க இந்த ஊர்க்காரங்க. கேக்காம இருக்கலாம். நாம வந்தவங்க. யாரக் கேட்டு நட்டேன்னு நாளைக்கி ஒருத்தன் வந்து நின்னா, காட்ட ஒரு காயிதம் வேணாமா?"

"கேக்க மாட்டாங்கன்னா கேளுங்களேன்."

"அங்கயும் அப்பிடித்தான் சொன்னாங்க. பொறந்த மண்ணு, யாரு கேக்கப் போறான்னு. கேட்டான். காயிதம் இல்ல. அதான் இங்க நிக்கிறோம்."

அம்மா அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். இதற்குப் பதில் எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு போய் மனுவை ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தார். பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு கேட்டாராம். ப்யூன் சிரித்தானாம்.

பிறகு காத்திருந்தோம். நாற்று ஈரச்சாக்குக்குள் காம்பராவின் மூலையில் இருந்தது. அதன் பச்சை வாசனை கம்பளியில் ஏறி, தூக்கத்திலும் மூக்கில் இருந்தது. அடியிலை பழுக்க ஆரம்பித்தது. டீக்கடை ரேடியோவில் வங்கக் கடலில் புயல் சின்னம் என்று சொன்னார்கள். அன்று மாலை மேகம் குன்னூர்ப் பக்கத்துச் சரிவில் இருந்து ஏறி வந்து, எங்கள் லயத்தின் எதிர்க்குன்றை மூடிக்கொண்டது. காற்று சுத்தமாக நின்றுவிட்டது.

"இன்னிக்கி நடுறேன்" என்றாள் அம்மா.

"பதில் வரட்டும்."

"அப்ப மழைய நிக்கச் சொல்லி அதுக்கும் ஒரு மனு எழுதுங்க."

சாக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அக்காவும் நானும் பின்னால் போனோம். பள்ளம் முழுவதும் ஆட்கள். ஒவ்வொரு பாத்தியிலும் ஓர் அரிக்கேன் விளக்கு, ஆபீஸ் பக்கம் வெளிச்சம் தெரியாமல் சாக்குப் போட்டு மூடியது. முகம் தெரியாது, குனிந்த முதுகுகளும் கைகளும் மட்டும் தெரியும். குத்துக்கம்பால் ஒரு துளை, ஒரு நாற்று, விரல் முட்டியால் ஓர் அமுக்கு. மண் உள்ளே இன்னும் சூடாக இருந்தது. மேலே பனி விழுந்து சில்லென்றிருந்தது. யாரும் பேசக் கூடாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே பேசினார்கள். கோஸின் பெயரை யாரும் சொல்லவில்லை. "அத இந்தப் பக்கமாக் குடு", "அது பத்தாது" என்றே பேச்சு. கேட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டிய பொருள் அல்லவா.

எங்களிடம் விளக்கு இல்லை. பாதிப் பாத்தி இருட்டில் நட்ட பிறகு, மேலே இருந்து ஒரு வெளிச்சம் ஆடி ஆடி இறங்கியது. அப்பா. கோட்டுப் போட்டிருந்தார். பாத்தி ஓரத்தில் வந்து நின்றார்.

"நான் நடல" என்றார். "வெளக்குதான் புடிக்கிறேன்."

பக்கத்துப் பாத்தியில் இருந்து மேல் லயத்து அக்காவின் குரல் வந்தது. "ஏனுங்க, வெளக்குப் புடிக்கறவரு யாருங்க, புதுத் துரைங்களா? கோட்டெல்லாம் போட்டிருக்கறாரு?"

பள்ளம் முழுக்க அடக்கிய சிரிப்பு ஓடியது. அக்காவும் சிரித்தாள். அப்பா விளக்கை இன்னும் கொஞ்சம் உயரமாகப் பிடித்தார்.

விடியும்போது நட்டு முடித்துவிட்டோம். அடுத்த இரண்டு நாளும் மேகம் மூடியே இருந்தது, மழை விழவில்லை. அம்மா அந்த இரண்டு நாளும் வானத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் இறங்கிவிடும் என்பதுபோல நடந்தாள். மூன்றாம் நாள் இறங்கியது. நாற்று நின்றது. புயலை நாங்கள் ஜெயித்தோம் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். வானிலையிடம் நாங்கள் தோற்கவில்லை.

மழைக்கு முந்தின காலையில்தான் பெரிய கிளார்க் வந்தார். கழுத்தில் மப்ளர், கையில் குடை. ஒரே இரவில் பச்சையாகிவிட்ட பள்ளத்தைச் சுற்றிப் பார்த்து, வழக்கம்போலக் கேட்டார்.

"ஆரு வெச்சது?"

"தெரியலீங்க" என்றார்கள் மேல் லயத்துக்காரர்கள், ஒன்றாக.

அப்பா ஓர் அடி முன்னால் வந்தார். "ஐயா, அந்த ஓரத்துப் பாத்தி நாங்க வச்சது. மனு குடுத்திருக்கேன்."

இத்தனை வருடத்தில் எத்தனையோ விசாரணைகளில் உட்கார்ந்திருக்கிறேன். இப்படித் தானாக முன்வந்த ஒரு வாக்குமூலத்தை வேறெங்கும் கேட்டதில்லை. பெரிய கிளார்க் அப்பாவை வெகுநேரம் பார்த்தார். கோபம் இல்லை. ஒருவிதமான ஆச்சரியம்.

"அப்பிடீங்களா" என்றார். "மனு இருக்குதா. சேரி."

மேல் லயத்து அக்கா அன்றில் இருந்து ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. பேசியபோது ஒன்று கேட்டாள். "உங்க ஊட்டுக்காரரு நல்லவருங்களா, இல்ல எங்க மேல ஏதாச்சும் கோவமுங்களா?"

கோஸ் நன்றாக வந்தது. எங்கள் பாத்தியில்தான் நன்றாக வந்தது என்று அம்மா சொல்வாள். அக்கா காலையில் சாம்பல் தூவப் போகும்போது ஒவ்வொரு தலையாகத் தட்டிக்கொண்டே போவாள். வாத்தியார் மாதிரி குரலைக் கனமாக்கி, "ஏன்டா நேத்து லீவு?" என்பாள். நான் பின்னால் இருந்து, "காய்ச்சல் சார்" என்பேன். குன்னூர் மார்க்கெட்டில் மண்டி வைத்திருந்த பாய், பொங்கலுக்கு முன்னால் கொண்டுவந்தால் மொத்தமாக எடுத்துக்கொண்டு, கோடை வரைக்கும் மாதாமாதம் அரிசி தருவதாகச் சொல்லியிருந்தார். கோடையில் கொழுந்து வரும், வேலை வரும். அதுவரை நான்கு வயிறும் ஓடிவிடும். அம்மா இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லுவாள். சொல்லும்போது அக்காவைப் பார்ப்பாள்.

மார்கழிக் கடைசியில் மேல் லயத்துக்காரர்கள் வெட்டத் தொடங்கினார்கள். அம்மாவும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு இறங்கினாள். பெரிய கிளார்க் பாத்தி முனையில் நின்றிருந்தார். நான்கு மூலையிலும் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

"இதுல கை வெக்கக் கூடாதுங்க."

"என்னாங்க ஐயா? நான் நட்டது."

"உங்க ஊட்டுக்காரரு மனு குடுத்திருக்கறாரு. அதுக்கு ஆர்டர் ஆகோணும். ஆகற வரைக்கும் இது ஆபீஸ் பாத்தி, இது ஆபீஸ் கோஸு. மீறி வெட்டுனா லயத்தக் காலி பண்ணச் சொல்லீருவாங்க."

அம்மா சுற்றிலும் கையைக் காட்டினாள். "அப்ப அவுக வெட்டுறாகளே?"

"அவுங்க மனு குடுக்கலியே." பெரிய கிளார்க் உண்மையான வருத்தத்தோடு சொன்னார். "குடுக்காத மனுவுக்கு நான் என்னன்னு ஆர்டர் வாங்கறது?"

அம்மா குரலைத் தணித்தாள். "மத்தவுக குடுக்குற மாதிரி நாங்களும் உங்க வீட்டுக்குக் குடுத்துர்றோம் ஐயா. கூடவே குடுக்குறோம்."

அவர் ஒரு படி பின்வாங்கினார். "நல்லாச் சொன்னீங்க போங்க. ஃபைல்ல இருக்கறதுல நான் கை வெக்க முடியுங்களா?"

பிரமாதமான பதில். பின்னாளில் எனக்கு மேலிருந்த அதிகாரிகள் பலர் இதில் பாதி நேர்த்தியோடுகூடப் பேசியதில்லை. அவர் நேர்மையாக இருந்த ஒரே பாத்தி எங்களுடையது.

அன்றிரவு அம்மா மறுபடி கத்தியை எடுத்தாள். அப்பா கதவில் குறுக்கே நின்றார்.

"வழிய விடுங்க."

"அது திருட்டு."

"நான் நட்ட கோசு எனக்குத் திருட்டா?"

"நட்டது நீ. நெலம் அவங்களுது. கேட்டிருக்கோம். பதில் வரட்டும்."

"பதில்ல உப்புப் போட்டு அவிச்சுத் திங்கவா?"

"லயத்த விட்டு எறக்கிட்டா எங்க போவ? மறுபடி கேம்ப்புக்கா? நம்ம பேரு மனுவுல இருக்கு. கோசு வெட்டுப்பட்டா வேற யாரத் தேடுவான்?"

அம்மா சத்தம் போடவில்லை. "ஒங்க பேர அதுல எழுதுனது யாரு?" என்றாள். "இந்தப் பள்ளத்துல அத்தன பேரும் வெட்டிட்டாக. ஒருத்தன் கேக்கல. நீங்க கேட்டுத்தான் அத அவங்களுதா ஆக்கினீங்க."

கத்தியை அப்பா வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு வாசலில் போய் உட்கார்ந்தார், எங்கள் பாத்தி தெரியும்படி. சொந்தப் பெண்டாட்டியிடம் இருந்து எஸ்டேட் கோஸைக் காவல் காத்தார். சம்பளம் இல்லாமல். அப்பா சொன்னது ஒவ்வொரு சொல்லும் சரி. நான் பிற்பாடு உட்கார்ந்த எந்த நாற்காலியில் இருந்து பார்த்தாலும் சரி. அதுதான் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் கோட்டுப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனார். "துரை டேபிள்ல இருக்குது" என்பார் பெரிய கிளார்க். ஒரு வாரம் துரை கிளப்பில் டென்னிஸ். ஒரு வாரம் துரைக்குச் சளி. அந்தத் துரை வெள்ளைக்காரர் அல்ல, உங்கள் வசதிக்காகச் சொல்கிறேன்; நம்மவர்தான்.

முற்றிய கோஸ் காத்திருக்காது. முதலில் ஒன்றிரண்டு தலை பிளந்தது. பிறகு வரிசையாகப் பிளந்தது. பள்ளத்தில் உறைபனி விழுந்து, அதன் மேல் வெயில் அடித்ததும் இலைகள் கண்ணாடி போலாகி, பிறகு கொழகொழவென்று உட்கார்ந்தன. மற்ற பாத்திகள் வெறும் மண்ணாகக் கிடக்க, எங்களுடையது மட்டும் நிற்கிற பயிராக, யாரும் கை வைக்காமல், அழுகியது. நாற்றம் மேல் லயம் வரை போனது.

"ஏனுங்க," என்றாள் மேல் லயத்து அக்கா, தண்ணீர்க் குழாயடியில், எல்லோருக்கும் கேட்க, "உங்க மனு நாறுதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. மறுநாள் எங்கள் வாசலில் ஒரு கோஸ் இருந்தது. யார் வைத்தது என்று அம்மா கேட்டபோது, தெரியலீங்க என்றாள் மேல் லயத்து அக்கா.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை பெரிய கிளார்க்கின் சம்சாரம் வந்தார். அக்கா தன் இரண்டு பாவாடைகளை ஒரு துணிப்பையில் வைத்திருந்தாள். பஸ் நிற்கிற இடம் வரை அம்மாவும் நானும் போனோம். "அங்க போயி கோசு நறுக்கச் சொன்னாங்கன்னா ஓடி வந்துருவேன்" என்றாள் அக்கா என்னிடம். பஸ்ஸில் ஏறிய பிறகு அந்தப் பக்கத்து ஜன்னலில் இடம் கிடைத்ததால் அவள் முகம் எங்களுக்குத் தெரியவில்லை. அப்பா வரவில்லை. சனிக்கிழமை அல்லவா, ஆபீஸில் இருந்தார்.

அக்கா அந்த வீட்டில் எத்தனை வருடம் இருந்தாள், எப்படி இருந்தாள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அதைச் சொல்வதென்றால் அவள் சொல்ல வேண்டும், அவள் சொல்லியதில்லை.

பதில் வந்தது. ஆபீஸில் இருந்து எங்கள் காம்பராவுக்குக் கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஆனாலும் அது குன்னூர் தபால் நிலையம் வரை போய், அங்கிருந்து பதிவுத் தபாலாக வந்தது. அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பிரித்து, நின்றபடியே, தொடக்கம் முதல் உரக்கப் படித்தார். விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. நடப்புப் பருவத்துக்கு மேற்படி பாத்தியில் காய்கறி பயிரிட அனுமதி வழங்கப்படுகிறது. விளைச்சல் குடும்ப உபயோகத்துக்கு மட்டும். மேற்படி காம்பராவில் வசிக்கும் குடும்பத்தினர் தவிர வேறு யாரும் பாத்தியில் இறங்கக் கூடாது. அப்பாவின் குரலில் மகிழ்ச்சி இருந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். கடிதம் வந்து சேர்ந்துவிட்டதே.

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பியபடியே கேட்டாள். "குடும்பத்துல எத்தன பேருன்னு போட்டிருக்கு?"

அப்பா காகிதத்தில் தேடினார். கண்டுபிடித்தார். வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு படித்தார்.

"நாலு பேரு."

தபால்காரர் ஒப்புகை அட்டையை நீட்டிக்கொண்டு இன்னும் வாசலில் நின்றார். அப்பா கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே, கேட்காமலேயே, தெளிவான எழுத்தில் தேதியும் போட்டார். மார்ச் பதினொன்று.